குழந்தையின் பயணப் பை: உள்ளே இருக்க வேண்டியதும் கூடாததும்

ஐந்து வயதுப் பிள்ளை, எடை 18 கிலோ. பாதித் தூரம் விமானம், மீதி கார், மொத்தம் நான்கு நாள். அவளுக்கென்று ஒரு முதுகுப்பை கட்டி எடை போட்டால் 3 கிலோ 200 கிராம் காட்டுகிறது. எல்லாமே தேவை என்றுதான் தோன்றுகிறது. எதை எடுத்துவிடலாம்? பிள்ளைகளோடு பயணம் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

*

நிறைத்த பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். உங்கள் மகளுக்கு 1 கிலோ 800 கிராம். இதில் பலர் கணக்கில் சேர்க்க மறப்பது வெறும் பையின் எடையை. சக்கரம், கெட்டிப் பிளாஸ்டிக் முகப்பு, ஐந்தாறு ஜிப் என்று வருகிற பைகள் காலியாகவே முக்கால் கிலோ இருக்கும். 450 கிராமுக்குள் உள்ள சாதாரணத் துணிப்பை போதும்.

அடுத்தது தண்ணீர். அரை லிட்டர் பாட்டிலை நிறைத்தால் பாட்டிலோடு சுமார் 650 கிராம். அதற்குப் பதில் 300 மி.லி. பாட்டில் வைத்தால் 400 கிராமில் முடியும். தீரத் தீர உங்கள் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்ளுங்கள். மீதி 950 கிராம். மாற்று உடை ஒரு செட் (சட்டை, கால்சட்டை, உள்ளாடை, காலுறை) 300, மெல்லிய மேலுடை 200, தின்பண்ட டப்பா 200, விளையாட்டுப் பொருள் 150, டிஷ்யூ வகையறா 100. கணக்கு முடிந்தது. இன்னொன்று உள்ளே வர வேண்டுமானால் ஒன்று வெளியே போக வேண்டும்.

பெரிய பெட்டியில் இடமில்லாததெல்லாம் பிள்ளையின் பைக்குள் இறங்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் அவளே திறந்து, அவளே எடுத்து, அவளே பயன்படுத்தக்கூடியது மட்டும் அதில் இருக்கட்டும். நாலு நாள் துணிக்கு அங்கே வேலையில்லை.

அடுக்கும் விதமும் முக்கியம். கனமானது முதுகை ஒட்டி, நடு உயரத்தில் வர வேண்டும். பாட்டிலையும் டப்பாவையும் வெளிப் பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். அதைச் சரிக்கட்டப் பிள்ளை இடுப்பை வளைத்துக் கழுத்தை முன்னால் நீட்டி நடக்கும். பக்கப் பையில் பாட்டில் வைத்தால் மறுபக்கமும் ஏதாவது எடை வேண்டும். பையின் மேல்விளிம்பு தோளைத் தாண்டக் கூடாது, அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே 5 செ.மீ.க்கு மேல் தொங்கக் கூடாது. வார் அகலமாக, பஞ்சு வைத்ததாக இருக்கட்டும். இரு வார்களையும் இணைக்கும் மார்புப் பட்டை இருந்தால் சின்னத் தோளிலிருந்து வார் நழுவாது. ஆனால் சறுக்குமரம், ஏணி என்று ஏறும்போது பையைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். வார் எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

*

எடையை விட எனக்குக் கவலை தருவது உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். மருந்து எதுவும் பிள்ளையின் பையில் வேண்டாம். இனிப்புச் சுவையுள்ள சிரப் பாட்டிலும் தின்பண்ட டப்பாவும் ஒரே ஜிப்புக்குள் இருப்பது ஆபத்து. பட்டன் பேட்டரி போட்ட பொம்மை, மின்னும் சாவிக்கொத்து, சின்னக் காந்த உருண்டைகள் இவையும் வேண்டாம். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே ஆழமாகப் புண்ணாக்கிவிடும்.

மருந்துகள் பெரியவர் பையில், அதுவும் கையோடு வைத்திருக்கும் பையில் இருக்கட்டும். பாராசிட்டமால் சிரப்பில் அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று உண்டு. பொதுவாக ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வரை கொடுப்பார்கள். 18 கிலோவுக்கு 270 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. முதலாவதில் அது சுமார் 11 மி.லி., இரண்டாவதில் 5.4 மி.லி. போன இடத்தில் அவசரமாக வாங்கிய பாட்டிலில் வீட்டுக் கணக்கையே ஊற்றினால் அளவு இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். அதனால் வீட்டில் பழகிய பாட்டிலையே எடுத்துப் போங்கள். மருத்துவர் சொன்ன அளவை மி.லி.யில் எழுதி அதிலேயே ஒட்டிவிடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் அளங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது.

ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) இரண்டு பொட்டலம் எடையே இல்லை, கட்டாயம் வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி 20.5 கிராம் பொட்டலம் ஒரு முழு லிட்டருக்கானது. கையில் இருப்பது அரை லிட்டர் பாட்டில் என்று முழுப் பொட்டலத்தையும் அதில் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகிப் பிள்ளையின் நிலை மோசமாகும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் பிரிப்பதும் சரிவராது. பயணத்துக்கு 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலம் நல்லது. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்தே கரையுங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் 100 முதல் 200 மி.லி., மடக்கு மடக்காக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

சானிடைசர் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ளதாக இருக்கட்டும், அதுவும் உங்கள் பையில். மண்ணும் பிசுக்கும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. சோப்புத் துண்டு ஒன்றைச் சின்ன டப்பியில் போட்டு வையுங்கள்.

*

விமானப் பகுதிக்கு என் பங்கு.

பிள்ளையின் பை முன் இருக்கைக்கு அடியில் போகும் அளவுக்கு இருக்க வேண்டும். தலைக்கு மேலே ஏறிவிட்டால், தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது. காது அடைப்பது பெரும்பாலும் விமானம் இறங்கும்போதுதான். தரை தொட அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும், எழுந்து பெட்டியைத் திறக்க விடமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் தொண்டைக்கும் காதுக்கும் இடையிலான குழாய் குறுகலாக, படுத்தவாக்கில் இருப்பதால் அழுத்தம் சமமாகத் தாமதமாகும். விழுங்கும் ஒவ்வொரு முறையும் அது திறக்கும். அதனால் இறக்கத்துக்கென்று 100 மி.லி. தண்ணீரை மிச்சம் வையுங்கள். தூங்கினால் எழுப்பி உட்கார வைத்துக் குடிக்கக் கொடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு, அலறி எழுவதற்குக் காரணம் அதுதான்.

பாட்டில் பற்றி ஒன்று. உறிஞ்சுகுழல் வைத்த பாட்டிலை மேலே போனபிறகு திறந்தால் முகத்தில் பீய்ச்சியடிக்கும். கேபினுக்குள் காற்றழுத்தம் சுமார் 2,000 மீட்டர் மலை உயரத்தில் இருப்பதுபோலக் குறைகிறது. தரையில் மூடிய பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து தண்ணீரைக் குழல் வழியாக மேலே தள்ளுகிறது. மேலேறும்போது மூடியை ஒருமுறை லேசாகத் திறந்து மூடினால் தீர்ந்தது. மலைப்பாதைக் காரிலும் இதே கதைதான்.

பாதுகாப்புச் சோதனையில் பிள்ளையின் பைக்கும் அதே விதி. திரவம் 100 மி.லி.க்கு மேல் கூடாது என்பது இன்னும் பல விமான நிலையங்களில் நடைமுறையில் இருக்கிறது. பற்பசை, ஜெல், ரொட்டியில் தடவும் பசை, விளையாடும் ஸ்லைம் எல்லாம் திரவக் கணக்கில்தான் வரும். பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்புங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். பவர் பேங்க் கேபினுக்குள்தான் வர வேண்டும், ஆனால் பெரியவர் கையில். கடைசி நேரத்தில் இடமில்லை என்று பிள்ளையின் பையை வாங்கி விமானத்தின் சரக்குப் பகுதியில் போட்டுவிட்டால் பவர் பேங்கும் சேர்ந்து போய்விடும்.

*

நன்றி, எடைக் கணக்கிலேயே பாதி வெளியே வந்துவிட்டது. காரில் வாந்தி வரும் பிள்ளை இவள். அதற்குத் தனியாக என்ன வைப்பது?

*

தோழி, அது பைக்குள் இருந்தால் கைக்கு எட்டாது. முன் இருக்கையின் முதுகுப் பக்கப் பையில் தனியாக வையுங்கள். ஜிப் கவர் பெரியது மூன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் கெட்டியான காகிதத் துவாலை இரண்டு மடித்துப் போட்டுவிட்டால் சிந்தாது, மூடினால் வாடையும் வராது. ஒரு சின்னத் துண்டு, ஒரு சட்டை, ஒரு கால்சட்டை. வாயைக் கொப்பளிக்கத் தனித் தண்ணீர்.

கண் பார்க்கும் புத்தகம் அசையாமல் இருக்க, உள்காது அசைவை உணர்கிறது. அந்த முரண்தான் குமட்டல். 2 வயதுமுதல் 12 வரை இது அதிகம். ஆகவே காரில் ஏறும் முன் வரைபுத்தகமும் திரையும் அவள் பையிலிருந்து உங்கள் பைக்கு வந்துவிட வேண்டும். காதால் கேட்கும் கதைதான் காருக்கு ஏற்றது. சாப்பாடு வயிறு நிறையவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். எண்ணெய் இல்லாத உலர்ந்த பண்டம் கொஞ்சம். நறுக்கிய பழம், சமைத்தது எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள். ஓடும் காரில் முழுத் திராட்சை, கொட்டை வகை, கடினமான மிட்டாய் கொடுக்கவே கூடாது. தொண்டையில் சிக்கினால் ஓட்டுகிறவர் பார்ப்பதற்குள் நேரம் போய்விடும்.

*

விளையாட்டுப் பொருள் 150 கிராமுக்கு ஆறு வண்ணப் பென்சில், மெல்லிய நோட்டு, காகித டேப் ஒரு சின்னச் சுருள் போதும். முக்கோண வடிவப் பென்சில் உருண்டு இருக்கைக்கு அடியில் போகாது. மெழுகு வண்ணக்குச்சி வெயிலில் நின்ற காரில் உருகித் துணியெல்லாம் ஒட்டும். அவள் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை மட்டும் உங்கள் பையில் வரட்டும். அவளேதான் சுமக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தொலைந்தால் அந்த நான்கு நாளும் தூக்கம் கெடும்.

பெயரைப் பையின் வெளியே எழுதாதீர்கள். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை நம்பிவிடும். உங்கள் கைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு ஒரு அட்டையில் எழுதி உள்ஜிப்பில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டுங்கள். கிளம்பும் அன்று காலை, அன்றைய உடையிலும் பையோடும் ஒரு படம் எடுத்து வையுங்கள். கூட்டத்தில் தேட நேர்ந்தால் சட்டை நிறம் அவசரத்தில் நினைவுக்கு வராது.

*

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே, நிறைத்த பையோடு இருபது நிமிடம் நடக்க விடுங்கள். கழற்றியதும் தோளைப் பாருங்கள். சிவந்த கோடு இருந்தால் எடை அதிகம், அல்லது வார் மெல்லியது. நடக்கும்போது கட்டைவிரலை வாருக்குள் நுழைத்துத் தூக்கிப் பிடித்தாலும் அதே பொருள். பிறகு உட்கார வைத்து, பாட்டில், டிஷ்யூ, மேலுடை மூன்றையும் உங்கள் உதவியில்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். எதை எடுக்கத் திணறுகிறாளோ அதன் இடத்தை மாற்றுங்கள்.