புதுப்பிப்பு: எலக்ட்ரீஷியன் சான்றிதழ், முழுநேரப் படிப்பா அப்ரண்டிஸா?

வேலையை விட்டுவிட்டு முழுநேரச் சான்றிதழ் படிப்பில் சேரலாமா, சம்பளத்தோடு அப்ரண்டிஸாகச் சேர்ந்து மாலை வகுப்புக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அப்ரண்டிஸாகவே சேர்ந்துவிட்டேன். "கட்டணத்தை மட்டும் பார்க்காதீங்க, படிக்கிற காலத்துல கைக்கு வராத சம்பளத்தையும் செலவுல எழுதுங்க" என்று ஒருவர் சொன்னதுதான் முடிவைத் தந்தது. எழுதிப் பார்த்தால், கட்டணத்தைவிட அந்த இழப்புதான் பெரிதாக வந்தது.

இன்னொருவர் சொன்னபடி, மின்வேலை செய்ய லைசென்ஸ் தரும் அலுவலகத்தில் நேரிலேயே விசாரித்தேன். சேரும் முன் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. பெரும்பாலான இடங்களில் லைசென்ஸுக்கு, தகுதி பெற்றவர் மேற்பார்வையில் வேலை செய்த அனுபவம் வேண்டும். வகுப்பு நேரத்தில் எவ்வளவை அந்த அனுபவமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்ரண்டிஸ் வேலையிலேயே அந்த அனுபவமும் சேரும் என்பதால், என் கணக்கில் அந்தப் பக்கம் தட்டு இன்னும் தாழ்ந்தது.

எதிர்பாராத செலவுகளும் வந்தன. நல்ல மல்டிமீட்டர் (வோல்ட், மின்னோட்டம் போன்றவற்றை அளக்கும் கருவி), இன்சுலேட்டட் (மின்காப்பு உள்ள) ஸ்க்ரூடிரைவர், பாதுகாப்புக் காலணி, தேர்வுக் கட்டணம் எதுவுமே விளம்பரத்தில் இல்லை.

எதிர்பாராத நன்மையும் உண்டு. 500 வோல்ட் டிசியில் இன்சுலேஷன் சோதனை (வயரின் மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது), எர்த் லூப் அளவீடு (பழுதானால் மின்சாரம் எர்த் வழியே திரும்பும் பாதையின் தடையை அளப்பது), மோட்டார் ஸ்டார்ட்டர் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கருவி) வயரிங் கற்ற பிறகு பழுது கண்டுபிடிக்கும் வேலைகளுக்கு என்னையும் அழைத்துப் போகிறார்கள். அதற்குக் கூலியும் கூடுதல்.