விண்கல் விழுந்து இறந்தவர் கதையை இனி அனுப்பலாமா?

சேகர், ஈரோடு:
நாங்கள் 1998இல் கல்லூரி முடித்தவர்கள், மொத்தம் பதினாலு பேர். ஒருவன் மஸ்கட், ஒருவன் கோவன்ட்ரி, மூன்று பேர் ஓசூர், மீதிப் பேர் அங்கங்கே. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு விசித்திரச் செய்தி போடுவது என் வேலை. நானாக எடுத்துக்கொண்டதுதான், ஆறு வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை, ‘உலகிலேயே விண்கல் விழுந்து இறந்த முதல் மனிதர் நம்ம வேலூர் மாவட்டத்துக்காரர்’ என்று போட்டேன். பத்து நிமிடத்தில் ஒன்பது பேர் வாயைப் பிளக்கும் பொம்மை போட்டார்கள். நாட்றம்பள்ளிப் பக்கத்து நண்பன் மட்டும் தனியாக போன் செய்தான். “செத்தது காலேஜ் பஸ் ஓட்டிக்கிட்டிருந்த ஒரு மனுஷன்டா. அவர் சாவைப் போய் குட்மார்னிங் மாதிரி அனுப்பியிருக்கே. அது விண்கல்லே இல்லேன்னு அப்பவே சொன்னாங்களே” என்றான். அன்றிலிருந்து எதுவும் போடவில்லை.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். இது அரசியல் இல்லை, மருந்துக் குறிப்பு இல்லை. படித்து ‘அட!’ என்று சொல்லிவிட்டுப் போகிற சங்கதி. அதில் ஒரு தகவல் பிசகினால் யாருக்கு என்ன நஷ்டம்?

வாணி, திருப்பத்தூர்:
உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. நடந்தது 2016 பிப்ரவரி 6ஆம் தேதி, நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில். பெரிய சத்தம் கேட்டது, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் ஒரு பள்ளம். ஓட்டுநர் இறந்தார், மூன்று பேருக்குக் காயம். விண்கல் விழுந்தது என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கையிலேயே இருந்தது. குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தார். உலகம் முழுக்க அது செய்தியானது. சில நாட்களிலேயே நாசா விஞ்ஞானிகள், வெளிவந்த படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றார்கள். இந்த இரண்டாவது செய்தியை யாரும் ஆறு மணிக்கு அனுப்பவில்லை.

நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்கள். விண்கல் என்றால் தலைவிதி, யாரையும் எதுவும் கேட்க முடியாது. வெடிப்பு என்றால் எது வெடித்தது, அது ஏன் அங்கே இருந்தது என்று கேட்டாக வேண்டும். உங்கள் ‘அட!’ அந்தக் கேள்வியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

காதர், தம்மாம்:
வாணி அக்கா, அந்த ஒரு செய்தியில் நீங்கள் சொல்வது நியாயம். அதற்காக சேகர் அண்ணன் வாயையே மூட வேண்டுமா? பதினேழு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறேன். பழைய நண்பர்கள் குழுவில் என்ன மிச்சம் இருக்கிறது தெரியுமா? பிறந்தநாள் கேக் படம், பெருநாள் வாழ்த்து, இரங்கல். ஒருவனைப் பேச வைக்க ஏதாவது ஒரு சாக்கு வேண்டும்.

ஒன்று சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்து ஆசம்கர் மாவட்டத்தில் லால் பிகாரி என்றொருவர். 1975இல் கடன் விஷயமாக அரசு அலுவலகம் போனார். பதிவேட்டில் அவர் இறந்துவிட்டதாக எழுதியிருந்தது. நிலத்துக்காக உறவுக்காரர்களே செய்த வேலை. மனுஷன் எதிரில் நிற்கிறார், காகிதம் செத்துவிட்டார் என்கிறது. பெயரோடு ‘இறந்தவர்’ என்று பொருள்படும் ‘மிருதக்’கைச் சேர்த்துக்கொண்டார். மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனுப் போட்டார். ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். உயிரோடு இருப்பதாகப் பதிவு திருத்தப்பட்டது 1994இல். பத்தொன்பது வருடம்!

இதை நான் எங்கள் குழுவில் போட்டேன். இரண்டு வருடமாகக் கட்டைவிரல் மட்டும் காட்டிக்கொண்டிருந்த காரைக்குடி நண்பன் அன்று ஆறு நிமிடத்துக்குக் குரல் பதிவு அனுப்பினான். அப்பா இறந்த பிறகு சிட்டாவில் இவன் பெயரே இல்லையாம். தாலுகா ஆபீஸுக்கு நடந்து நடந்து அலுத்து, எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். குழுவிலேயே ஒருவனுடைய மாமா ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். ‘எப்படி இருக்கே?’ என்று கேட்டிருந்தால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்லியிருப்பான்.

செந்தில், போளூர்:
காதர், நீங்கள் போட்டது விவரத்தோடு இருந்தது. சேகர் கேட்பது வேறு: பிசகினால் என்ன?

எங்கள் பக்கத்தில் 2018 மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்த 65 வயது அம்மா. வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் கூடி அடித்தார்கள். அவர் இறந்துபோனார். அதற்கு முன் வாரக்கணக்காக எங்கள் எல்லோர் போனிலும் வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது என்ற செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் நாடெங்கும் சுற்றிய கடத்தல் வீடியோ, கராச்சியில் பெற்றோர் விழிப்புணர்வுக்காக எடுத்தது. குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது. அந்த அம்மாவுக்கு அதனால் என்ன?

காதர், தம்மாம்:
செந்தில் தம்பி, மனசு கனக்கிறது. ஆனாலும் பயத்தையும் வியப்பையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பிள்ளை பிடிப்பவன் செய்தியைப் படிப்பவன் கதவைச் சாத்துகிறான், கம்பை எடுக்கிறான். லால் பிகாரியைப் படிப்பவன் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிறான்.

செந்தில், போளூர்:
அனுப்பும் விரல் ஒன்றுதானே? நானே செய்திருக்கிறேன். 2020 மார்ச், ஊரடங்கு. சீனாவில் யுன்னான் மாகாணத்தில் யானைக்கூட்டம் ஊருக்குள் வந்து சோள மதுவைக் குடித்துவிட்டு தேயிலைத் தோட்டத்தில் படுத்துத் தூங்குகிறது என்று ஒரு படம். வெனிஸ் கால்வாயில் டால்பின் என்று இன்னொன்று. இரண்டையும் எல்லோருக்கும் அனுப்பினேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு யானை தேயிலைச் செடிக்கு நடுவில் தூங்குவது போல வரைந்து பீரோவில் ஒட்டினாள். அப்புறம்தான் தெரிந்தது, யானைகள் குடித்துவிட்டுத் தூங்கிய கதை பொய், டால்பின் வீடியோ சார்டினியாத் துறைமுகத்தில் எடுத்தது. அவளிடம் சொன்னேன். “அப்போ யானை தூங்கவே இல்லையாப்பா?” என்று கேட்டாள். படத்தை அவளே கிழித்து எடுத்துவிட்டாள். யாரும் சாகவில்லை, சரி. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

பழனிவேல், இயற்பியல் ஆசிரியர், தென்காசி:
நான் காதர் பக்கம்தான், வேறு காரணத்துக்காக. சேகரின் ‘முதல் மனிதர்’ தவறு. ஆனால் தோண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது அதைவிடப் பெரியது. 2020இல் ஆய்வாளர்கள் துருக்கி அரசு ஆவணக் காப்பகத்திலிருந்து ஒட்டோமான் காலத்துக் கடிதங்களை வெளியிட்டார்கள். 1888 ஆகஸ்ட் 22 அன்று, இன்று ஈராக்கில் இருக்கும் சுலைமானியா பக்கம் வானிலிருந்து கற்கள் விழுந்து ஒருவர் இறந்தார், இன்னொருவர் முடமானார் என்று அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுதியவை. நூற்றுமுப்பது வருடம் ஆய்வாளர் கண்ணில் படாமல் கிடந்த தபால்!

அப்புறம் 1954 நவம்பர் 30, அமெரிக்காவின் அலபாமா. ஆன் ஹாட்ஜஸ் என்ற பெண் மதியம் சோபாவில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். கிட்டத்தட்ட நாலு கிலோ கல் கூரையைப் பொத்துக்கொண்டு வந்து, வானொலிப் பெட்டியில் மோதித் தெறித்து, அவர் இடுப்பில் விழுந்தது. பெரிய கன்றிப்போன காயம், உயிர் பிழைத்தார். கல் யாருக்குச் சொந்தம் என்று வீட்டுக்காரம்மாவோடு வழக்கு. முடிவதற்குள் வாங்க நினைத்தவர்கள் போய்விட்டார்கள். கல் கடைசியில் அருங்காட்சியகத்துக்குப் போனது. நான் வகுப்பில் இதைச் சொல்லித்தான் விண்கல் பாடத்தையே தொடங்குகிறேன். ஒரு பையனும் தூங்குவதில்லை.

மணியன், மொடக்குறிச்சி:
எங்கள் தொகுதியே ஒரு விசித்திரச் செய்திதான். 1996 சட்டமன்றத் தேர்தலில் 1033 வேட்பாளர்கள். எந்தப் பொது அறிவுப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த எண் இருக்கும், அதற்கு மேல் ஒரு வரி இருக்காது. ஏதோ எங்களுக்குப் பதவி வெறி பிடித்த மாதிரி.

நின்றவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். எங்கள் கோரிக்கையை யாரும் காதில் போடவில்லை, வேட்புமனு போட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் போட்டார்கள். தேர்தலையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வாக்குச்சீட்டு புத்தகமாக வந்தது. என் அப்பாவுக்கு மஞ்சள் வயல் வேலையில் விரலெல்லாம் காய்ப்பு, மெல்லிய தாள் ஒட்டிக்கொண்டு பக்கம் புரளவில்லை. எச்சில் தொட்டுப் புரட்டினேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் என்ன நடந்தது? 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5000 ஆக்கிச் சட்டம் வந்தது.

சேகர், நீங்கள் ஈரோடு. இந்த 1033ஐ எத்தனை தடவை அனுப்பியிருக்கிறீர்கள்?

சேகர், ஈரோடு:
மூன்று தடவை, மணியன் அண்ணா. பதினைந்து கிலோமீட்டரில் இருந்துகொண்டு, ஏன் என்று ஒரு தடவைகூட யாரையும் கேட்கவில்லை. அப்பாவின் விரலைப் பற்றிப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் வாணி மேடம், ஒன்றில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றால் வருடத்துக்கு நாலு செய்திதான் போக முடியும். என் நண்பர்களை நான் காலையில் பார்க்கிற ஒரே வழி அது.

வாணி, திருப்பத்தூர்:
வருடத்துக்கு நாலு போதுமே. காதருக்கு ஒன்றே போதுமாக இருந்தது. அதற்கு முன், செவ்வாய்க்கிழமை அனுப்பியதைத் திருத்தினீர்களா?

சேகர், ஈரோடு:
இன்று காலை ஆறு மணிக்குப் போட்டேன். ‘அது விண்கல் என்று நான் எழுதியது தவறு, தரையில் நடந்த வெடிப்பு போல இருக்கிறது என்று நாசா விஞ்ஞானிகள் அப்போதே சொல்லியிருக்கிறார்கள், இறந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர்’ என்று. பொம்மை எதுவும் வரவில்லை. நாட்றம்பள்ளி நண்பன் ‘நன்றிடா’ என்று மட்டும் எழுதினான். மதியம் மஸ்கட்டிலிருந்து ஒரு வரி வந்திருக்கிறது: “அப்போ அங்கே வெடிச்சது என்னடா?”