ஆங்குலர் 17: சிக்னல் போன பிறகும் பழைய சர்விஸே ஒட்டிக்கொண்டிருக்கிறது

மட்டக்களப்பில் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவைப் பதியும் செயலி செய்கிறேன். ஆங்குலர் 17 (வலைச் செயலி கட்டும் ஃபிரேம்வொர்க்). டவுனில் எல்லாம் சரி. பொடியன்கள் டேப்லெட்டோடு வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனால்தான் சிக்கல். வயலுக்குள் கவரேஜ் வந்து வந்து போகும்.

அதனால் ஒரே வேலைக்கு இரண்டு சர்விஸ் (திரைக்குப் பின்னால் வேலை செய்யும் கிளாஸ்): ஒன்று சர்வருக்கு அனுப்பும், மற்றது பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இன்டெக்ஸ்ட்டிபி தரவுத்தளத்தில் சேமிக்கும். முதலில் இரண்டுக்கும் பொதுவாக ஓர் இன்டர்ஃபேஸ் எழுதி, அதைச் சொல்லியே ஆங்குலரிடம் சர்விஸைக் கேட்டு வாங்க (இன்ஜெக்ட் செய்ய) பார்த்தேன். டைப்ஸ்கிரிப்ட் கம்பைல் ஆனதும் இன்டர்ஃபேஸ் காணாமல் போய்விடும் என்பது உறைக்கவே அரை நாள் போனது. அப்புறம் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை டோக்கனாக்கி (சர்விஸைக் கேட்கும் அடையாளமாக்கி), சர்விஸை உருவாக்கித் தரும் யூஸ்ஃபாக்டரி ஃபங்ஷனுக்குள், இணைப்பு உண்டா என்று பிரவுசர் சொல்லும் நேவிகேட்டர்.ஆன்லைன் பார்த்து எது வேண்டும் என்று தீர்மானித்தேன். அந்த ஃபாக்டரி ஒரே தடவைதான் ஓடுகிறது. சிக்னலோடு திறந்தால் கடைசிவரை சர்வர் சர்விஸ்தான். வயலில் சேமிக்க அழுத்தினால் பிழை.

செயலி முழுமைக்கும் பொதுவாக வைக்காமல், ஒவ்வொரு திரைக்கும் உரிய கம்பொனன்ட்டின் புரொவைடர்ஸிலும் (சர்விஸ்களை அறிவிக்கும் பட்டியல்) போட்டுப் பார்த்தேன். திரைக்கொரு இன்ஸ்டன்ஸ் உருவாகி, மூடைக் கணக்கு ஒரு திரையில் ஒன்று, மறு திரையில் வேறொன்று. போதாக்குறைக்கு, வைஃபை இணைந்திருந்தாலே, அதில் இணையம் இல்லாவிட்டாலும், நேவிகேட்டர்.ஆன்லைன் 'உண்டு' என்கிறது.

இரண்டு கிழமையாக இதிலேயே நிற்கிறேன். பெரும்போக அறுவடையும் தொடங்கிவிட்டது.

கம்பொனன்ட்டுக்கு ஒரே சர்விஸை மட்டும் காட்டி மாறுதலை முழுக்க அதற்குள் ஒளிப்பதா, இல்லை 'இந்தப் பதிவு இன்னும் சர்வருக்குப் போகவில்லை' என்ற நிலையையும் அதன் இன்டர்ஃபேஸிலேயே வெளியே விடுவதா?