சாரும் டீச்சரும் 50

(வாட்ஸ்அப் குழுவில், வெள்ளிக்கிழமை இரவு)

*களியக்காவிளை அண்ணன், 7:10*
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வருகிற திங்களோடு சாருக்கும் டீச்சருக்கும் கல்யாணம் முடிந்து 50 வருஷம். ஞாயிறு ஆராதனையிலேயே நன்றி செலுத்திவிடலாம், போதகரிடம் பேசிவிட்டேன். முடிந்ததும் அசன விருந்து. அவர்கள் இரண்டு பேரும் இந்தக் குழுவில் இல்லை, மறந்துபோய் யாரும் சேர்த்துவிடாதீர்கள். என்ன கொடுக்கலாம், சொல்லுங்கள்.

*மார்த்தாண்டம் மதினி, 7:14*
பொன்னாடையும் ஆளுக்கு ஒரு மோதிரமும்?

*பாறசாலை சேச்சி, 7:15*
மோதிரம் வேண்டாம் மதினி. டீச்சர் ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு சங்கிலி போட்டார்களே, அதை அந்த மாதமே விற்று ஒரு பிள்ளைக்கு நர்சிங் பீஸ் கட்டினார்கள். கூடப் போனது நான்தான். யாரிடமும் சொல்லாதே என்றார்கள், இத்தனை நாள் சொல்லவில்லை.

*துபாய் தம்பி, 7:19*
சேச்சி, அந்தப் பிள்ளை என் அக்கா. இப்போது குவைத்தில் வேலை பார்க்கிறாள். பணம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் இன்று வரை ஒருவருக்கும் தெரியாது.

*துபாய் தம்பி, 7:20*
இப்போதே அவளைக் கூப்பிடுகிறேன்.

*மேல்புறம் மாமா, 7:31*
சிறுசுகளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சார் பாறசாலைக்காரர், டீச்சர் களியக்காவிளை. நடந்தே போகிற தூரம். 1956 நவம்பர் 1-ல் களியக்காவிளை இருக்கிற விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு (அப்போது மெட்ராஸ் மாநிலம்) சேர்ந்தது, பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இரண்டும் ஒரே ராஜ்யம். சபை என்று பார்த்தாலும், 1806-ல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் இங்கே தொடங்கின லண்டன் மிஷன் ஊழியம்தான் இரண்டு பக்கத்துக்கும் வேர். ஆனாலும் 1975-ல் சார் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது டீச்சரின் அப்பாவுக்கு ஒரே கவலை. "குடும்ப ஜெபம் எந்த பாஷையில் நடக்கும்?" என்று நேராகவே கேட்டார். சார் சொன்னார், "நான் மலையாளத்தில் ஒரு வசனம் வாசிப்பேன், அவள் தமிழில் அடுத்த வசனம் வாசிக்கட்டும்." நான் அந்தத் திண்ணையில்தான் இருந்தேன். எனக்கு அப்போது 14 வயது.

*மார்த்தாண்டம் மதினி, 7:33*
இன்றைக்கும் அப்படித்தானே வாசிக்கிறார்கள். 7 மணி என்றால் 7 மணி. ஒக்கி புயல் அடித்த 2017-ல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போதும் அரிக்கேன் விளக்கு வைத்து வாசித்தார்கள். சாரின் ரப்பர் மரம் பாதிக்கு மேல் மூட்டோடு சாய்ந்து கிடந்தது அப்போது.

*குளச்சல் அக்கா, 7:40*
நாங்கள் கத்தோலிக்கர். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. கடல் எங்கள் வீட்டுக்குள் வந்த நாள். சார் அரிசி மூட்டையோடு வந்தார், டீச்சர் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு என் மாமியாரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்டார்கள். எந்தச் சபை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிறு நாங்கள் 11 பேர் வருகிறோம். மீன் எங்கள் பொறுப்பு.

*களியக்காவிளை அண்ணன், 7:42*
சரி அக்கா, 11. சாருக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் இருந்தால் போதும்.

*குழித்துறை அக்கா, 8:05*
எனக்கு எழுதிப் பழக்கமில்லை, ஆனாலும் இதை எழுதியே ஆக வேண்டும். அதே 2004, ஆகஸ்ட் மாதம். ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினேன். அம்மா வீட்டுக்குப் போக வெட்கம். டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு, "போய்க் குளி மக்ளே" என்றார்கள். ஒன்பது நாள் அங்கே இருந்தேன்.

ஒரு நாள் இரண்டு பேருக்கும் ஏதோ மனத்தாங்கல். ரப்பர் ஷீட் விற்ற பணத்தைச் சார் கேட்காமல் யாருக்கோ கொடுத்துவிட்டார் போல. பகல் முழுக்கப் பேச்சில்லை. இவர்கள் வீட்டிலும் இப்படி உண்டா என்று எனக்குப் பயமே வந்துவிட்டது. 7 மணிக்கு வேதத்தைத் திறந்தார்கள். சார் தன் வசனத்தை வாசித்தார். டீச்சர் வாசிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. அப்புறம் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என் தப்புதான். கேட்காமல் கொடுத்திருக்கக் கூடாது" என்றார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், வேலைக்காரப் பாட்டியும் நிற்கிறாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வசனத்தை வாசித்தார்கள்.

ஒரு ஆண்பிள்ளை அடுத்தவர் முன்னால் மனைவியிடம் தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் அப்பா செய்து பார்த்ததில்லை. கல்யாணத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எனக்கு விளங்கினது அன்று இரவுதான்.

*பாறசாலை சேச்சி, 8:07*
மோளே 😢

*குழித்துறை அத்தான், 8:21*
அவள் எழுதின பிறகு நான் சும்மா இருக்கக் கூடாது. அந்த ஒன்பது நாளும் சார் தினமும் என் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காருவார், ஒரு சாயா குடிப்பார், போவார். புத்தி சொல்லுவார், திருப்பித் திட்டலாம் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை. ஒன்பதாம் நாள், "வீட்டில் ஒரு நாற்காலி கூடப் போட்டிருக்கிறேன், 7 மணிக்கு வா" என்றார். போனேன். அன்று சங்கீதம் 121. வாசித்து முடித்ததும் டீச்சர் குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது 21 வயது.

*மேல்புறம் மாமா, 8:26*
மோதிரமும் வேண்டாம், ஆடையும் வேண்டாம். ஞாயிறு வேதபாடம் சங்கீதம் 121 ஆக இருக்கட்டும். 8 வசனம். அவர்கள் வீட்டில் வாசிக்கிற மாதிரியே மாறி மாறி, மலையாளத்தில் 4, தமிழில் 4. அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

*களியக்காவிளை அண்ணன், 8:27*
ஆமென். போதகரிடம் இப்போதே சொல்கிறேன். தமிழுக்குக் குழித்துறை தங்கச்சி. மலையாளத்துக்கு யார்? சேச்சி?

*குழித்துறை அத்தான், 8:34*
நான் வாசிக்கிறேன் அண்ணா. பத்தாம் வகுப்பு வரை மலையாளம் மீடியம்தான் படித்தேன்.

*களியக்காவிளை அண்ணன், 8:35*
நீ சபையில் மைக் பக்கமே போனதில்லையே தம்பி. சந்தோஷம்.

*குழித்துறை அக்கா, 8:36*
சாருடைய மலையாள வேதத்தில் எழுத்து ரொம்பப் பொடி. உங்கள் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்.

*குழித்துறை அத்தான், 8:38*
கடையை அடைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம். முதல் வசனத்தை நீ தொடங்கு.