ட்ரூநாஸ் சர்வர்ல ஒரு டிஸ்க் ஃபால்ட்டட்னு காட்டுது, உருவிட்டுப் புதுசு போட்டுடலாமுங்களா?

பல்லடம்ரோடு:
வணக்கமுங்க. வீட்டு சர்வர் மக்கர் பண்ணுது, விவரம் தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லுங்க.

பழைய ஐ3 டெஸ்க்டாப், 16 ஜிபி ரேம், அதுல ட்ரூநாஸ் (ஃபைல் சேமிக்கற சர்வருக்கான ஓஎஸ்). 4 டிபி டிஸ்க் நாலு, நாலையும் ரெய்டு இசட்1-ல ஒரே பூலா (ஒண்ணாச் சேர்ந்த சேமிப்பு இடம்) கட்டியிருக்கேன். பூட்டுக்குத் தனியா ஒரு சின்ன எஸ்எஸ்டி. மதர்போர்டுல சாட்டா போர்ட் ஆறு, ஒண்ணு காலியா இருக்குது. உள்ள 7 டிபி டேட்டா: பிரிண்டிங் டிசைன் ஃபைலுங்க, குடும்ப போட்டோ, பழைய கணக்கு. கீழ நிட்டிங் யூனிட், மேல வீடு. சர்வர் மாடிப்படிக்குப் பக்கத்துல இருக்குற ரூம்ல.

பூல் டிகிரேடட்னு (பாதுகாப்பு குறைஞ்சுடுச்சுன்னு) மெயில் வந்துச்சு. எஸ்டிசிங்கற டிஸ்க் ஃபால்ட்டட் (பழுதுன்னு ஒதுக்கியாச்சு), எரர் கணக்கு: ரீட் 36, ரைட் 118, செக்சம் (படிச்ச டேட்டா சரிபார்ப்பு) 214. எஸ்டிடிங்கற டிஸ்க்குல ரீட் மட்டும் 3. மத்த ரெண்டும் சைபர். காந்திபுரத்துக் கடையில சீகேட் பாராகூடா 4 டிபி கையில இருக்குதாம், நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு சர்வர்) டிஸ்க்னா வரவழைக்கணுமாம். எஸ்டிசியை உருவிட்டு அந்தப் பாராகூடாவைப் போட்டுடலாமுங்களா?

காலிங்கராயன்:
எதையும் உருவிடாதீங்க. ரெய்டு இசட்1 ஒரே ஒரு டிஸ்க் போனா மட்டும்தான் தாங்கும். ஒண்ணு ஏற்கெனவே வெளிய நிக்குது, இன்னொண்ணு ரீட் 3 காட்டுது. எனக்குப் பெரிய நம்பரை விட அந்த 3 மேலதான் சந்தேகம்.

ஷெல்லைத் தொறந்து நாலு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க் தன்னைப் பத்தி வெச்சிருக்கற ஸ்மார்ட் கணக்கைக் காட்டற கமாண்ட்) போட்டு ஆட்ரிபியூட் 5, 197, 198, 199 நாலுக்கும் ரா வேல்யூ என்னன்னு போடுங்க. வெப்பநிலையும் வேணும். ஒவ்வொண்ணுக்கும் நேரா சீரியல் நம்பரைப் பேப்பர்ல குறிச்சுக்குங்க (இங்க போட வேண்டாம்). எஸ்டிசி, எஸ்டிடிங்கற பேரை நம்ப முடியாது, ரீபூட் பண்ணினா மாறலாம், போர்ட் மாத்தினாலும் மாறும்.

இசட்பூல் ஸ்டேட்டஸ் (பூல் நிலவரம் காட்டற கமாண்ட்) போடறப்ப கூட மைனஸ் வி சேர்த்துப் போடுங்க. கெட்டுப்போன ஃபைல் இருந்தா கீழ பேரோட காட்டும்.

பல்லடம்ரோடு:
பார்த்துட்டனுங்க.

எஸ்டிசி: 5, 197, 198 மூணும் சைபர். 199 மட்டும் 1,860. வெப்பம் 44.
எஸ்டிடி: 5-ல 16, 197-ல 48, 198-ல 48, 199 சைபர். வெப்பம் 53.
மத்த ரெண்டுலயும் நாலும் சைபர், 45, 46 டிகிரி.

நாலுலயும் ஸ்மார்ட் ஹெல்த் ‘பாஸ்டு’ன்னுதான் வருது. மைனஸ் வி-ல ரெண்டு டிசைன் ஃபைல் பேர் வந்திருக்குது. தொறந்தா எரர்.

காலிங்கராயன்:
நினைச்ச மாதிரியேதான். சாகற டிஸ்க் எஸ்டிடி. எஸ்டிசி நல்லாத்தான் இருக்குது, அதோட கேபிள்தான் போச்சு.

199 டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா கெட்டுப்போன கணக்கு. டிஸ்க் உள்ள சுத்தற தட்டுல பழுது இருந்தா அது ஏறாது. கேபிள், கனெக்டர், அபூர்வமா போர்ட், இதுல ஒண்ணுதான் காரணமா இருக்கும். 197 அப்படி இல்லீங்க. படிக்க முடியாம, மாத்தி வைக்கவும் முடியாம நிக்கிற செக்டாருங்களோட எண்ணிக்கை அது. 5 ஏற்கெனவே மாத்தி வெச்சது. 197-ம் 198-ம் சேர்ந்து ஏறினா தட்டுல பழுதுன்னு அர்த்தம்.

‘பாஸ்டு’ன்னு வர்றதைக் கண்டுக்காதீங்க. கம்பெனிக்காரன் வெச்ச எல்லையைத் தாண்டினாத்தான் அது ஃபெயில்னு சொல்லும், அதுக்கு முன்னாடியே டேட்டா போயிருக்கும்.

எஸ்டிசியை உருவிப் புதுசைப் போட்டிருந்தா, முழு ரீசில்வருக்கும் (விட்டுப்போன டேட்டாவைப் புது டிஸ்க்குல திரும்ப எழுதறது) மத்த மூணு டிஸ்க்கும் தப்பில்லாமப் படிச்சாகணும். அதுல எஸ்டிடியும் ஒண்ணு. அது படிக்காத இடமெல்லாம் போனது போனதுதான்.

இப்ப செய்ய வேண்டியது:

முதல்ல ஷட்டவுன் பண்ணி, ப்ளக்கைப் புடுங்கிடுங்க. எஸ்டிசியோட சாட்டா கேபிளை மாத்துங்க. கிளிப் இல்லாத பழைய சிவப்புக் கேபிளா இருந்தா தூக்கிப் போட்டுட்டு, இரும்பு கிளிப் வெச்சதா வாங்குங்க. கேபினெட் கதவு கேபிள் முதுகை அழுத்துதான்னு பாருங்க. அழுத்தினா எல் வடிவ கனெக்டர் வேணும். கீழ மெஷின் அதிர்வு வேற இருக்கறதால கிளிப் இல்லாத கேபிள் மெல்ல மெல்லக் கழண்டு வரும். பவர் கனெக்டரையும் ஒரு தடவை கழட்டி மாட்டுங்க.

ஆன் பண்ணி இசட்பூல் கிளியர் (எரர் கணக்கை அழிக்கிற கமாண்ட்) குடுங்க. எஸ்டிசி ஆன்லைன் வந்து, அது வெளிய இருந்தப்ப விட்டுப்போனதை மட்டும் எழுதிக்கும். சீக்கிரம் முடிஞ்சுடும். 199 சைபருக்குத் திரும்பாது, அது வாழ்நாள் கணக்கு. இப்ப 1,860-ல நிக்குதில்ல, அது ஏறாம இருக்குதான்னு மட்டும் பாருங்க.

அப்பறம் அந்த ரெண்டு ஃபைலைத் தொறந்து பாருங்க. எஸ்டிசி திரும்பி வந்ததுனால பாரிட்டி (காணாமப் போனதைக் கணக்குப் போட்டு மீட்கற உபரி டேட்டா) வெச்சுப் படிச்சுக்கும், அநேகமா ரெண்டும் தொறக்கும். லிஸ்ட்ல பேர் மட்டும் ஸ்க்ரப் (பூல் முழுக்கப் படிச்சுச் சரிபார்க்கறது) ஓடற வரைக்கும் இருக்கும்.

ஸ்க்ரப்பை இப்பவே ஓட்ட வேண்டாம், எஸ்டிடிக்கு வீண் சுமை. போட்டோவையும் கணக்கையும் முதல்ல ஒரு வெளி யுஎஸ்பி டிஸ்க்குக்கு எடுங்க. 7 டிபியும் வேண்டாம், திரும்பக் கிடைக்காதது மட்டும் போதும்.

ஊத்துக்குளிவெண்ணெய்:
பாராகூடா விஷயத்துக்கு வர்றேன். 4 டிபி பாராகூடா எஸ்எம்ஆர் வகை. டிராக்குங்க ஓட்டு மேல ஓடு போட்ட மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், ஒரு இடத்தை மாத்தி எழுதணும்னா பக்கத்து டிராக்குங்களையும் சேர்த்து எழுதியாகணும். சும்மா ஃபைல் வெச்சு எடுக்கறப்ப வித்தியாசம் தெரியாது. ரீசில்வர் மாதிரி மணிக்கணக்கா விடாம எழுதினா, உள்ள இருக்குற கேச் ஏரியா ரொம்பி வேகம் பாதாளத்துக்குப் போயிடும். டிஸ்க் பதில் சொல்லாம நின்னா ட்ரூநாஸ் உள்ள ஓடற ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ் அதையும் ஃபால்ட்டட் ஆக்கிடும்.

நாஸ்னு பேர் இருந்தாலும் பார்த்து வாங்கணும். வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில 2-ல இருந்து 6 டிபி வரைக்கும் சில மாடல் எஸ்எம்ஆர்னு 2020-ல வெளிய வந்து பெரிய சர்ச்சை ஆச்சு. அதுக்கப்பறம் சிஎம்ஆர் (டிராக்குங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத) வகையை ரெட் பிளஸ்னு தனியாப் பிரிச்சாங்க. வெறும் ரெட் வேண்டாம், ரெட் பிளஸ் வாங்குங்க. இல்லைனா சீகேட் ஐயன்வுல்ஃப். ரெண்டுக்கும் 3 வருஷம் வாரண்டி. 4 டிபி கிடைக்கலைன்னா 6 டிபியே போடலாம், மிச்ச 2 டிபி சும்மா கிடக்கும், தப்பில்ல. பழசை விடச் சின்னதைத்தான் ஏத்துக்காது.

விலை ரொம்பக் குறைவாச் சொன்னா உஷாரா இருங்க. பழைய சர்வர் டிஸ்க்குல ஓடின மணிநேரத்தை அழிச்சுப் புதுசுன்னு விக்கறாங்க. சீகேட்டா இருந்தா ஃபார்ம்னு தனியா ஒரு லாக் உண்டு. ஸ்மார்ட்சிடிஎல் 7.4-ஓ அதுக்கு மேலயோ இருந்தா அதைப் படிக்கும். ஸ்மார்ட்ல சைபர் மணின்னும் ஃபார்ம்ல ஆயிரக்கணக்குலயும் இருந்தா கடைக்கே திருப்பிக் குடுத்துடுங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி சீரியல் நம்பரைக் கம்பெனி சைட்டுல போட்டு வாரண்டி தேதி வருதான்னும் பாருங்க.

சிறுவாணி:
புதுசு வந்ததும் நேரா மாட்டிடாதீங்க. வேற கம்ப்யூட்டர்ல வெச்சு பேட்பிளாக்ஸ்ங்கற புரோகிராம்ல ரைட் டெஸ்ட் ஓட்டுங்க. நாலு பேட்டர்ன் எழுதி நாலு தடவை படிக்கும், 4 டிபிக்கு ரெண்டரை நாள் ஆகும். மொத வாரத்துலயே சாகற டிஸ்க் அதுல மாட்டிக்கும்.

காலிங்கராயன்:
பூல் நல்லா இருக்கறப்ப உதிரி டிஸ்க் ஒண்ணு வாங்கினா அதைச் செய்யலாம், மறுக்கல. இங்க எஸ்டிடில 48 செக்டார் தொங்குது, ரெண்டரை நாள் அதை நம்பி உக்காரக் கூடாதுங்க. ஸ்மார்ட் லாங் டெஸ்ட் (டிஸ்க் தன்னைத்தானே முழுசாப் படிச்சுப் பார்க்கறது) ஒண்ணு போதும், எட்டுல இருந்து பத்து மணி நேரத்துல முடியும். ராத்திரி போட்டா காலையில தெரிஞ்சுடும். வேற கம்ப்யூட்டர்னு சொன்னது மட்டும் ரொம்பச் சரி. பேட்பிளாக்ஸ் அழிச்சு எழுதற ஆளு, சர்வர்லயே ஓட்டி டிஸ்க் பேர்ல ஒரு எழுத்து மாறினா பூலே போயிடும்.

சிறுவாணி:
பேக்கப் எடுத்தாச்சுன்னா சரி, லாங் டெஸ்டோட விட்டுடலாம். பேக்கப் இல்லாம அவசரப்பட வேண்டாம்.

பல்லடம்ரோடு:
கேபிள் மாத்திட்டனுங்க. கதவுதான் அழுத்திக்கிட்டு இருந்துச்சு, கனெக்டர் ஒரு பக்கம் சாஞ்சு நின்னுச்சு. கிளியர் குடுத்ததும் எஸ்டிசி ஆன்லைன். 199 அதே 1,860. ரெண்டு ஃபைலும் தொறக்குது! போட்டோவும் கணக்கும் யுஎஸ்பிக்கு ஏத்திட்டேன். ஐயன்வுல்ஃப் 4 டிபி சொல்லி வெச்சிருக்கேன்.

அது வந்ததும் எஸ்டிடியைக் கழட்டிட்டு அதே இடத்துல மாட்டணுமா, காலி போர்ட்ல மாட்டணுமா? எஸ்எம்பிஎஸ்ல சாட்டா பவர் பின் அஞ்சும் தீர்ந்துடுச்சு.

காலிங்கராயன்:
காலி போர்ட்லதான். பழசு உள்ளயே இருக்கட்டும். அரை உசிரோட இருந்தாலும் அது படிக்கிற வரைக்கும் இசட்எஃப்எஸ் அதுல இருந்தும் எடுத்துக்கும். நல்ல மூணுல ஒண்ணு நடுவுல ஒரு செக்டார் படிக்கலைன்னா, பழைய எஸ்டிடி அந்த இடத்தைப் படிச்சுக் காப்பாத்தும். ஆஃப்லைன் பட்டனை அமுக்கினா அந்தப் பாதுகாப்பு போயிடும். வேற வழியே இல்ல, போர்ட் காலி இல்லைன்னாத்தான் ஆஃப்லைன்.

பவருக்கு ஸ்ப்ளிட்டர் வாங்கறப்ப கனெக்டரைத் திருப்பிப் பாருங்க. ஒயரோட சேர்த்து ஒரே பிளாஸ்டிக்கா வார்த்திருந்தா வேண்டாம். உள்ள ஒயரு உருகி ஒட்டித் தீப்பிடிக்கறது அந்த வகைதான். ஒயர் ஒவ்வொண்ணும் தனித்தனியா உள்ள போய்க் கடிச்சிருக்கற கிரிம்ப் வகையா வாங்குங்க.

பழைய டிஸ்க் எதுன்னு சீரியல் வெச்சுக் கண்டுபிடிச்சு, கடைசி நாலு எழுத்தை மாஸ்கிங் டேப்ல எழுதி, கூண்டுல இருந்து கழட்டாமயே தெரியற பக்கமா ஒட்டிடுங்க. நாலுக்கும் இப்பவே ஒட்டிட்டா நல்லது.

ஸ்டோரேஜ் போய், பூலுக்கு நேரா மேனேஜ் டிவைசஸ், எஸ்டிடியைத் தேர்ந்தெடுத்து ரீப்ளேஸ். வர்ற லிஸ்ட்ல புதுசோட சீரியல் பார்த்து எடுங்க. முன்னாடி எங்கயாவது பார்ட்டிஷன் போட்ட டிஸ்க்னா ஃபோர்ஸ் டிக் பண்ணச் சொல்லும். புது டிஸ்க்குக்கே அப்படிக் கேட்டா வாங்கின கடையைச் சந்தேகப்படுங்க.

7 டிபி மூணு பங்காப் பிரிஞ்சு டிஸ்க்குக்கு 2.3 டிபி எழுதணும். நல்லா ஓடினா பத்து மணி நேரத்துக்குள்ள, எஸ்டிடி திக்கித் திணறினா ஒரு நாள் கூட ஆகும். காட்டற நேரம் ஏறி இறங்கும், அதைப் பார்த்துப் பதறி ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. முடிஞ்சதும் பழசு தானா பூலை விட்டு விலகிடும்.

ஊத்துக்குளிவெண்ணெய்:
ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாதாந்திர மின்தடை உங்க ஃபீடர்ல எந்த நாளுன்னு பார்த்துக்குங்க. நடுவுல கரண்ட் போனாலும் ரீசில்வர் விட்ட இடத்துல இருந்து தொடரும், ஆனா சாகற டிஸ்க் ஆஃப் ஆகித் திரும்பச் சுத்தும்னு உறுதி இல்ல. யுபிஎஸ் இருந்தா யுஎஸ்பி ஒயரை சர்வர்ல குத்தி, பேட்டரி குறைஞ்சா தானா ஷட்டவுன் ஆகற மாதிரி செட் பண்ணுங்க. சும்மா பேட்டரி மட்டும் இருந்து சர்வருக்குத் தெரியலைன்னா பாதிப் பிரயோஜனம்தான்.

அந்த 53 டிகிரியைச் சும்மா விடக் கூடாதுங்க. ஒரே கூண்டுல மத்தது 45 இருக்கறப்ப ஒண்ணு மட்டும் 53னா காத்து அங்க போகல. கீழ நிட்டிங் ஓடுதுன்னா முன் ஃபேன் வலையில பஞ்சு படிஞ்சு கம்பளி மாதிரி நிக்கும். கம்பெனியில துணி மேல அடிக்கிற கம்ப்ரசர் ஏர்கன்னை எடுத்து அடிக்காதீங்க. அந்தக் காத்துல தண்ணி இருக்கும், ஃபேனையும் தாறுமாறாச் சுத்த வெச்சு பேரிங்கைக் கெடுத்துடும். ஃபேன் றெக்கையை விரல்ல புடிச்சுக்கிட்டு, காய்ஞ்ச பிரஷ்ல பஞ்சைச் சுருட்டி எடுங்க. கம்பெனிக்காரன் 65 டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருந்தாலும் சித்திரை வெயில்லயும் 45-க்குள்ள வெச்சுக்கறது நல்லது.

பல்லடம்ரோடு:
ரீசில்வர் முடிஞ்சுதுங்க, எரர் சைபர். அப்பறம் ஸ்க்ரப் ஓட்டினேன், அதுலயும் சைபர், மைனஸ் வி-ல அந்த ரெண்டு பேரும் போயிடுச்சு. பஞ்சு எடுத்ததும் கூண்டுல எல்லாமே 41, 42. பழைய டிஸ்க்குக்கு வாரண்டி பாக்கி இருக்குது, அப்படியே அனுப்பிடலாமுங்களா? உள்ள டேட்டா இருக்குமே?

காலிங்கராயன்:
பூல்ல என்கிரிப்ஷன் போட்டிருந்தா அப்படியே அனுப்பலாம். போடலைன்னா அழிச்சுட்டு அனுப்புங்க. ரெய்டுல இருந்த ஒத்தை டிஸ்க்தானேன்னு விட முடியாது, சின்ன ஃபைலுங்க ஒரே டிஸ்க்குல முழுசாவே இருக்கும். வேற கம்ப்யூட்டர்ல மாட்டி முழுசும் சைபர் எழுதுங்க. எழுத முடியாத செக்டார்ல நின்னா, அதைத் தாண்டி அடுத்ததுல இருந்து தொடருங்க. எழுதினதுக்கு அப்பறம் 197 இறங்கும், 5 ஏறலாம். அதைப் பார்த்து டிஸ்க் சரியாயிடுச்சுன்னு திரும்ப பூல்ல போட்டுடாதீங்க. அனுப்பறப்ப ஆன்ட்டி ஸ்டாட்டிக் கவர்ல போட்டு, நாலு பக்கமும் நுரை வெச்சுக் கட்டுங்க. வெளிய அடிபட்ட தடம் இருந்தா வாரண்டி இல்லைன்னுடுவாங்க.