‘லோ-கீ’ ஒளியமைப்புக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். காட்சித் தொடர்பியல் பாடநூலில் 1940களின் அமெரிக்கக் குற்றப்படங்கள் பற்றிய இயலைத் திங்களன்று அச்சுக்கு அனுப்ப வேண்டும். ‘லோ-கீ லைட்டிங்’ என்பதை முந்தைய பதிப்பு ‘தாழ்நிலை ஒளியமைப்பு’ என்றது. அதைப் படித்த மாணவர்கள் விளக்குகளின் வாட்டைக் குறைப்பதே முறை என்று விடை எழுதுகிறார்கள். உண்மையில் முதன்மை விளக்கு பளீரென்றே எரியலாம். நிழலைத் தணிக்கும் நிரப்பு விளக்கை ஒடுக்கி, முகத்தின் ஒளிப்பக்கத்துக்கும் நிழற்பக்கத்துக்குமான வெளிச்ச விகிதத்தை 8:1 அளவுக்குக் கொண்டுபோவதால்தான் முகத்தின் ஒரு பாதி இருளில் மூழ்கி, இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்ற ஐயம் பார்ப்பவருக்கு எழுகிறது. ‘இருளோங்கு ஒளி’ எனலாமா?

மறுமொழி 1:
‘ஓங்கு ஒளி’ வினைத்தொகையாதலால் குறையில்லை. ஆயினும் புணர்த்தி ‘இருளோங்கொளி’ என்றே எழுத வேண்டும். என் தேர்வு ‘நிழலொளி’. நிழல் இருட்டுக்கு மட்டும் உரிய சொல்லன்று. பழைய வழக்கில் அது ஒளியையும் உருவத் தோற்றத்தையும் குறிக்கும். கண்ணாடியை அகநானூறு ‘நிழல்காண் மண்டிலம்’ என்கிறது. இருள், இரவு, கரியைக் குறிக்கும் இருந்தை, இரும்பு ஆகிய யாவும் கருமைப் பொருள் வேரொன்றில் கிளைத்தவை என்பது என் துணிபு. இரும்பை மறுப்போர் தனிமடலில் வருக.

மறுமொழி 2:
ஐயா, இரும்பு ஒருபுறம் இருக்கட்டும். ‘நிழலொளி’ என்றால் எங்கள் லைட்மேன் மரத்தடியில் விழும் மென்மையான வெளிச்சத்தைத்தான் நினைப்பார். அது நமக்கு வேண்டியதற்கு நேர்மாறு. தளத்தில் நாங்கள் செய்வது, வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடும் தெர்மாகோல் பலகையை அப்புறப்படுத்தி, சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் கறுப்புத் துணி கட்டி விழுங்கச் செய்வது. சொல் வண்ணப்படத்துக்கும் பொருந்த வேண்டும். 1972இல் வெளிவந்த ‘தி காட்ஃபாதர்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேலே வைத்ததால் நடிகர் மார்லன் பிராண்டோவின் கண்குழிகள் இருண்டன. வெளியே திருமண விருந்து வெயிலில் மின்ன, உள்ளறையின் மஞ்சள் கலந்த பழுப்பில் அவர் கண்ணைப் படிக்க முடியாமல் போவதே அச்சம் தருகிறது. ‘இருளோங்கு ஒளியமைப்பு’ என்று விரித்தே எழுதுங்கள். முதல்முறை வரும் இடத்தில் ‘லோ-கீ’யும் உடனிருக்கட்டும், தளத்துக்கு வரும் பிள்ளைகள் திகைக்கக் கூடாது.

மறுமொழி 3:
நேரமில்லாமையால் ‘இருளோங்கு ஒளியமைப்பு’ என்றே திருத்தி, ‘லோ-கீ’யையும் சேர்த்துப் பக்க வடிவமைப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

மறுமொழி 4:
தமிழ்ப் பாடநூலில் ‘லோ-கீ’ இடம்பெறுவதை நான் ஏற்கவில்லை. நிழலொளிக்கான என் வாக்கு அடுத்த பதிப்புக்கும் செல்லும்.