டி.வி. மூலையில் ஒரு சின்னப் படம் (ஒரே திரையில் இரண்டு படம் காட்டும் 'பிக்சர்-இன்-பிக்சர்' வசதி): உங்கள் அனுபவம் என்ன?

கடலோரத்தான்
2004 டிசம்பர் 26. எங்கள் 29 அங்குல டி.வி.யில் டாக்காவில் நடந்த இந்தியா - வங்கதேசம் ஒருநாள் ஆட்டம். கீழ் மூலைக் கட்டத்தில் சுனாமிச் செய்தி. அப்பா எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். மாமா நாகப்பட்டினத்தில் இருந்தார். காலையிலிருந்து தொலைபேசி கிடைக்கவில்லை. சின்னப் படத்துக்கு ஒலி கிடையாது. அடியில் ஓடும் எழுத்தோ எறும்பு போல இருந்தது. அம்மா எழுந்து போய், திரையில் முகம் ஒட்டுமளவுக்குக் குனிந்து, அந்த எழுத்துகளை விரலால் தொடர்ந்துகொண்டே படித்தார். அதைப் பார்த்த பிறகுதான் அப்பா ஸ்வாப் பொத்தானை அழுத்தினார். ஆட்டம் மூலைக்குப் போனது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. வங்கதேசம் 15 ரன்னில் வென்று வீரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டது ஓசையின்றி ஓடியது. மாமா மறுநாள் பேசிவிட்டார். அம்மா குனிந்து நின்றதுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பழைய ரிமோட்
உங்கள் டி.வி.யில் இரண்டு டியூனர், அதாவது சேனலைப் பிடித்துத் தரும் பகுதி, இருந்திருக்கிறது. எல்லா டி.வி.யிலும் இப்படிப் பார்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரே டியூனர் என்றால் இரண்டாவது படம் வி.சி.ஆர். போன்ற வேறு கருவியிலிருந்துதான் வர வேண்டும். கடைக்காரர் எனக்கு அதைச் சொல்லவில்லை. சீட்டுப் பணத்தில் அக்காவுக்கு ஒரே டியூனர் டி.வி. வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் பொத்தானை அழுத்தினால் மூலையில் வெறும் நீலக் கட்டம். "பரவாயில்லை தம்பி, படம் தெளிவாக இருக்கிறதே" என்றார் அக்கா. அவர் கோபித்திருந்தால் மறந்திருப்பேன். பிறகு செட்டாப் பாக்ஸ் வந்து இரண்டு டியூனர்காரர்களையும் என் நிலைக்கே கொண்டுவந்தது. அந்தப் பெட்டி டி.வி.க்கு ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தானே தரும்!

மாடிவீடு
அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவர் அறைக் கேமராவின் பெட்டியை ஏ.வி. இணைப்பில் மாட்டி, மூலையில் அவரைப் பார்த்துக்கொண்டே தொடர் பார்ப்பேன். ஒருநாள் கதையில் மூழ்கிவிட்டேன். விளம்பரம் வந்தபோது கண் மூலைக்குப் போனது. அப்பா கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. ஓடிப் போனேன், தண்ணீர்தான் கேட்டார்.

கம்பிச்சுருள்
மாடிவீடு அம்மா, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். என் மாமியாரையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டோம். மற்றவர்களுக்காகச் சில விஷயங்கள்: சின்னப் படத்தை நம்பி நோயாளியை விடாதீர்கள், காது கேட்காத காவல் அது. பல டி.வி.களில் கட்டத்தைப் பெரிதாக்கலாம், வேறு மூலைக்கு நகர்த்தலாம். எழுத்து ஓடும் இடத்தை மறைக்காமல் மேலே வையுங்கள். புது டி.வி. வாங்குவோர் எந்த இரண்டு இணைப்புகளை ஒன்றாகக் காட்டும் என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிலவற்றில் இரண்டு எச்.டி.எம்.ஐ. இணைப்புகளின் படம் சேர்ந்து வராது. ஒலியை எந்தப் படத்துக்கு மாற்றுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிலருகே ஓர் அழைப்பு மணி வையுங்கள். நூறு கேமராவுக்குச் சமம்.

மாடிவீடு
மணி வைத்திருந்தோம் ஐயா. அன்று அது கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது.